பெரிய தொட்டிச் செடிக்குத் தண்ணீர்: மேலிருந்தா, கீழிருந்தா, தானாகவா?

ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்த ஒரு ரப்பர் செடியை, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றியே கொன்றவன் நான். ஞாயிறு காலை ஒரு குவளை. ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. முதலில் கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. தாகம் போலிருக்கிறது என்று இரண்டு குவளையாக்கினேன். அப்புறம் மேல் இலைகளும் தொங்கின. கடைசியில் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தபோது வேர்க்கட்டியின் நடுப்பகுதி செங்கல் மாதிரி காய்ந்திருந்தது. அடிப்பகுதியோ கறுத்து, சாக்கடை வாடையோடு கூழாகியிருந்தது. ஒரே தொட்டியில் ஒரே செடி காய்ந்தும் செத்திருந்தது, மூழ்கியும் செத்திருந்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நன்றாகக் காய்ந்த மண் கலவை சுருங்கி, தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். மேலே ஊற்றுகிற தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அந்த இடுக்கு வழியாக நேரே அடிக்குப் போய்விடும். என் செடியின் பிளாஸ்டிக் தொட்டி ஒரு பீங்கான் அலங்காரத் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தது. பீங்கானுக்கு ஓட்டை கிடையாது. வாரா வாரம் ஊற்றியதெல்லாம் அங்கே தேங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் பார்த்ததெல்லாம் மேல் மண்ணை மட்டும்.

அதற்குப் பிறகு மான்ஸ்டெரா, ஃபிடில் லீஃப், டிரசீனா, இன்னொரு ரப்பர் செடி என்று வளர்த்து, தண்ணீர் கொடுக்கும் முறைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று யோசிப்பதற்கு முன்னால், மிச்சத் தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று முடிவு செய்தாக வேண்டும். முறைகளை ஒப்பிடும்போது இந்தக் கணக்கை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறேன்.

பெரிய தொட்டி ஏன் வேறு மாதிரி

12 செ.மீ. தொட்டியில் ஒரு லிட்டர் மண்தான் இருக்கும். மேல் மண் காய்ந்தால் கீழேயும் ஏறக்குறைய காய்ந்திருக்கும். 35 செ.மீ. தொட்டியில் இருபது லிட்டருக்கு மேல் மண் இருக்கும். மேல் மூன்று விரல் அளவு காற்றில் காய்ந்து வெளிறிப்போயிருக்கும் அதே நேரம், அடியில் பிழிந்தால் சொட்டும் ஈரம் இருக்கும். சின்னச் செடியில் பழகிய கை பெரிய செடியில் தவறு செய்வது இங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. ஒரு பஞ்சை முழுக்க நனைத்துப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். கொஞ்ச நேரம் சொட்டி நிற்கும். அப்படியே நிமிர்த்திச் செங்குத்தாகப் பிடித்தால் மறுபடி சொட்டும். ஆனாலும் அடி ஓரம் மட்டும் முழு ஈரமாகவே இருக்கும். தொட்டியிலும் அதுதான் நடக்கிறது. ஓட்டை இருந்தாலும், வடிந்து முடிந்த பிறகும், அடியில் ஒரு பட்டை நீரால் நிரம்பியே நிற்கும். அந்தப் பட்டையின் உயரத்தை முடிவு செய்வது மண் கலவையின் தன்மைதான். நைசான கலவை என்றால் அதிகம், மரப்பட்டைத் துண்டும், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல் துகளும் கலந்த கரடான கலவை என்றால் குறைவு. ‘வடிகாலுக்கு’ என்று அடியில் கூழாங்கல் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும்: கல் போட்டால் அந்த ஈரப் பட்டை மறையாது, கல்லுக்கு மேலே ஏறி உட்காரும். வேர் இருக்க வேண்டிய இடத்தைத்தான் அது தின்னும்.

வேருக்கும் மூச்சுக் காற்று வேண்டும். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீருக்குள் அது பரவுவது சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாக. மண்ணின் இடுக்குகளையெல்லாம் நீர் அடைத்துக்கொண்டால் வேர் திணறும். திணறிய வேரைப் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற கிருமிகள் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் மேலே இலை வாடும். மண் சொதசொதவென்று இருக்க, இலை தாகத்தில் தொங்குவது போலத் தெரிவது இதனால்தான். அந்த நேரத்தில் இரக்கப்பட்டு இன்னொரு குவளை ஊற்றுகிறோமே, அதுதான் ஆளைக் கொல்வது.

சிறுகச் சிறுக ஊற்றுவது

பெரும்பாலானோர் செய்வது இது. தினமும் அரைக் குவளை, அல்லது இரண்டு நாளைக்கு ஒரு குவளை. தரை நனையாது, தட்டில் ஒரு சொட்டு வராது, மனசுக்கும் நிம்மதி. இதற்கு நான் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

இருபது லிட்டர் மண்ணில் கால் லிட்டர் நீர் மேல் சில சென்டிமீட்டரைத் தாண்டாது. மேலே எப்போதும் ஈரம், கீழே எப்போதும் வறட்சி. ஓயாத மேலீரம் பூஞ்சைக் கொசுவுக்கு விருந்து. அதன் புழுக்கள் வாழ்வதே அந்த மேல் மண்ணில்தான். உரத்திலும் நீரிலும் இருக்கும் உப்பு வெளியேற வழியில்லாமல் வெள்ளைப் பொருக்காகப் படியும். இந்த முறையில் மிச்சத் தண்ணீர் வெளியே போகும் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. இருந்தால், என் ரப்பர் செடிக்கு அமைந்த கள்ள வழிதான்.

மேலிருந்து முழுக்க நனைத்து வடியவிடுவது

மான்ஸ்டெரா தெற்கு மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள காடுகளில் மரத்தைப் பற்றி ஏறும் கொடி. ஃபிடில் லீஃப் மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்நிலக் காட்டு மரம். அங்கெல்லாம் மழை குவளைக் கணக்கில் பெய்வதில்லை. கொட்டித் தீர்க்கும், வடிந்து ஓடும், இடைவெளி விடும். இந்த முறை அதன் நகல்.

பூவாளியால் மண் பரப்பு முழுவதும் சுற்றிச் சுற்றி மெதுவாக ஊற்ற வேண்டும். தண்டின் அடியில் மட்டும் ஊற்றினால் ஓர் ஓரம் நனையவே நனையாது. முதல் சுற்று ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள். காய்ந்த கலவை, முக்கியமாகப் பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மட்கிய பாசி) கலந்தது, முதலில் நீரை ஒட்டவிடாது. கோகோபீட் அந்த அளவு மோசமில்லை. முதல் சுற்றில் மண் இளகி உப்பும், சுவரோர இடுக்கு மூடும். இரண்டாவது சுற்றில்தான் தண்ணீர் உண்மையாக உள்ளே இறங்கும். ஊற்றியதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கீழே வந்தால் போதும், உப்பையும் கழுவிக்கொண்டு வந்துவிடும். ஊற்றிய இரண்டே நொடியில் கீழே வந்துவிட்டால் மகிழ்ச்சியடையாதீர்கள். அது இடுக்கு வழியாக ஓடிவந்த நீர்.

இதன் சிக்கல் முழுக்க முழுக்க நடைமுறைச் சிக்கல். ஈரத்தோடு சுமார் இருபது கிலோ எடை, பீங்கான் தொட்டி என்றால் இன்னும் மேலே. அதைத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோக யாரால் முடியும்? கீழே வரும் அரை லிட்டரை என்ன செய்வது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால்தான் மக்கள் குவளை முறைக்குப் போகிறார்கள் என்பது என் சந்தேகம். சோம்பலோ அறியாமையோ காரணம் இல்லை, ஈரமாகும் தரைதான் காரணம்.

விடை இருக்கிறது. சக்கரம் வைத்த தாங்கி ஒன்று. ஆழமான தட்டு ஒன்று. தட்டுக்குள் தொட்டியை நேராக வைக்காமல் இரண்டு மூன்று செ.மீ. உயரும்படி கால்கள், வடிந்த நீர் தட்டில் நின்றாலும் தொட்டியின் அடியைத் தொடாது. அலங்காரத் தொட்டிதான் வேண்டும் என்றால் அதன் உள்ளே கவிழ்த்து வைத்த கிண்ணம் ஏதாவது போட்டு, அதன் மேல் உள்தொட்டியை உட்கார வையுங்கள். அரை மணி நேரம் கழித்து மிச்சத்தைப் பஞ்சால் ஒற்றியோ ஒரு துண்டுக் குழாயால் உறிஞ்சியோ எடுத்துவிடலாம். ஒருமுறை இந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டால் பத்து நாளைக்கு ஒருமுறை இருபது நிமிட வேலை, அவ்வளவுதான்.

பெரிய செடிகளில் பத்தில் எட்டுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான்.

கீழிருந்து ஊற வைப்பது

தொட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, அடித் துளை வழியாக மண்ணே நீரை உறிஞ்சிக்கொள்ள விடும் முறை. சின்னச் செடிக்கு அருமை. இலை நனையாது, மேல் மண் காய்ந்தே இருப்பதால் பூஞ்சைக் கொசுவும் குறையும். இணையத்தில் இதைக் கொண்டாடுகிறவர்கள் பெரும்பாலும் கையடக்கத் தொட்டி வைத்திருப்பவர்கள்.

பெரிய செடியில் இரண்டு இடத்தில் உதைக்கும். ஒன்று, மேலே சொன்ன எடை. இரண்டாவது, நீர் மேலே ஏறும் உயரத்துக்கு எல்லை உண்டு. நைசான மண்ணில் நன்றாக ஏறும். ஆனால் பெரிய வெப்பமண்டலச் செடிகளுக்கு நாம் வேண்டுமென்றே கரடான கலவை போடுகிறோம். அதில் பாதி உயரம் ஏறுவதற்குள் நின்றுவிடும். மேல் வேர்கள் பட்டினி. போதாததற்கு, நீர் எப்போதும் கீழிருந்து மேலே போய் ஆவியாவதால் உப்பு முழுவதும் மேல் மண்ணில் சேரும். ஆக, சில மாதத்துக்கு ஒருமுறை எப்படியும் மேலிருந்து ஊற்றிக் கழுவத்தான் வேண்டும்.

ஒரே ஒரு சமயத்தில் இதற்கு ஈடு வேறில்லை. மண் கட்டி இறுகி, மேலே ஊற்றுவதெல்லாம் ஓரமாக ஓடும் நிலைக்குப் போய்விட்டால், எப்படியாவது இரண்டு பேராகத் தூக்கி ஒரு வாளியில் முக்கால் மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு நன்றாக வடியவிட்டு, அடுத்த முறையிலிருந்து மேலே ஊற்றும் பழக்கத்துக்குத் திரும்பிவிடலாம். அதாவது, மருந்தாக எடுக்கலாம், உணவாக வேண்டாம்.

தானே நீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி

அடியில் நீர்த்தேக்கம், நடுவில் ஒரு தடுப்பு, திரி மூலமாகவோ தேக்கத்துக்குள் நீளும் மண் காலின் மூலமாகவோ நீர் மேலே ஏறும். பக்கத்தில் ஒரு மிதவை, எவ்வளவு மிச்சம் என்று காட்டும். நல்ல தயாரிப்பில் உபரி வழியும் துளையும் இருக்கும்; அது இல்லாததை வாங்காதீர்கள்.

இதன் மேல் எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. அழுகலுக்கு வீடு கட்டிக் கொடுப்பது போலத்தான் தெரிந்தது. பயன்படுத்தியபின் பாதி மனம் மாறியது. தேக்கத்துக்கும் மண்ணுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது, மண் ஒரே சீரான மிதமான ஈரத்தில் இருக்கிறது, ஈரம்–வறட்சி என்று ஊசலாடுவதில்லை. ஸ்பாத்திஃபில்லம், அலோகேசியா போன்ற எப்போதும் ஈரம் கேட்கும் செடிகள் இதில் செழிக்கின்றன. வாரக்கணக்கில் வெளியூர் போகிறவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

மாறாத மற்றப் பாதி மனம் சொல்வது இது. வெளிச்சம் குறைவான மூலையில், செடி நீர் குடிக்காத மாதங்களில், தேக்கம் மட்டும் நிரம்பியே இருக்கும். அப்போது அந்தச் சீரான ஈரமே எமனாகிவிடும். ரப்பர் செடி, இசட் இசட் செடி, பாம்புக் கற்றாழை போன்ற, நடுவில் காய விரும்பும் செடிகளுக்கு இது வேண்டவே வேண்டாம். புதிதாக மாற்றி நட்ட செடிக்கு வேர் கீழ்வரை இறங்கும் வரை, சில வாரங்களாவது, மேலேதான் ஊற்ற வேண்டும். தேக்கத்தை நிரப்பிவிட்டு நிம்மதியாக இருந்தால் செடி நீருக்கு மேலேயே காயும். தேக்கம் காலியானதும் உடனே நிரப்பாமல் இரண்டு மூன்று நாள் வெறுமையாக விடுவது என் வழக்கம். உப்புக் கழுவும் வேலை இதிலும் உண்டு.

கவிழ்த்த பாட்டில், கண்ணாடிக் குமிழ், ஐஸ் கட்டி

நீர் நிரப்பி மண்ணில் தலைகீழாகச் செருகும் பாட்டிலோ கண்ணாடிக் குமிழோ எப்போது எவ்வளவு விடும் என்பது அதற்கே தெரியாது. கரடான மண்ணில் ஒரே மணி நேரத்தில் காலியாகும், இறுகிய மண்ணில் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும். நனைவதும் செருகிய இடத்தைச் சுற்றி மட்டும். இருபது லிட்டர் தொட்டிக்கு இது பொம்மை. ஐஸ் கட்டி வைப்பது ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டுக்குக் கெடுதல் செய்யவில்லை என்று 2017-ல் ஹார்ட்சயன்ஸ் ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது உண்மைதான். ஆனால் அது மரப்பட்டைக் கலவையில் வளரும் சின்ன ஆர்க்கிட். ஆளுயரச் செடிக்கு ஐஸ் கட்டி என்பது குவளை முறையின் இன்னும் கஞ்சத்தனமான வடிவம்.

இலையில் தெளிப்பதையும் பலர் தண்ணீர்க் கணக்கில் சேர்க்கிறார்கள். தெளிப்பு காய்ந்ததும் காற்று பழைய நிலைக்கே போய்விடும். வேருக்கு அதில் ஒன்றும் சேராது. ஈரத்துணியால் இலையைத் துடைத்தால் தூசியாவது போகும்.

எப்போது ஊற்றுவது: இங்கேயும் தேர்வு உண்டு

முறையைவிட இதில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். நாள்காட்டி வைத்து ஊற்றுவது என் செடியைக் கொன்ற வழி. ஒரே செடி வெயில் நாளில் ஆறு நாளில் காய்ந்துவிடும், மேகமூட்டமான மாதத்தில் மூன்று வாரம் ஆனாலும் காயாது. வெளிச்சம், வெப்பம், காற்றின் ஈரப்பதம், இலைப் பரப்பு எல்லாம் சேர்ந்து போடும் கணக்கு அது. வாரம் ஒருமுறை பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் நாள்காட்டியும் நல்லதே. பார்த்துவிட்டு ஊற்றாமல் திரும்பும் துணிச்சல் வேண்டும், அவ்வளவுதான்.

விரலை விட்டுப் பார்ப்பது சின்னத் தொட்டிக்குச் சரி. விரல் எட்டுவது ஏழெட்டு செ.மீ.; தொட்டியின் ஆழம் முப்பது.

ஈரமானி வாங்கினால் ஏமாற வாய்ப்பு அதிகம். விலை மலிவான கருவிகள் அளப்பது ஈரத்தை நேராக இல்லை, மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதைத்தான். காய்ச்சி வடித்த நீரில் செருகினால் முள் சோம்பலாக நகரும். ஒரு சிட்டிகை உப்பைப் போடுங்கள், ‘ஈரம்’ என்று துள்ளும். உரம் அதிகமான மண்ணில் பொய்யாக ஈரம் காட்டும். கரடான கலவையில் கம்பியைச் சுற்றிக் காற்றுதான் இருக்கும் என்பதால் பொய்யாக வறட்சி காட்டும்.

எடை பார்ப்பது மிக நேர்மையான வழி. பழமையானதும்கூட. 1724 ஜூலையில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயர் ஒரு சூரியகாந்தித் தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடி, பதினைந்து நாள் காலையும் மாலையும் எடை போட்டார். மூன்றரை அடி உயரச் செடி ஒரு பகலில் சராசரியாக இருபது அவுன்ஸ், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேல், நீரை இலை வழியாக வெளியேற்றியது. வீட்டில் தராசு தேவையில்லை. ஊற்றி வடிந்த அன்று தொட்டியின் விளிம்பைப் பிடித்து இலேசாகச் சாய்த்துப் பாருங்கள். வாரம் கழித்து மறுபடி சாய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று சுற்றில் கைக்குத் தெரிந்துவிடும். முதுகு வலி உள்ளவர்கள் இதை விட்டுவிடலாம்.

நான் கடைசியில் வந்து நின்றது ஒரு சாதாரண மூங்கில் குச்சியில். முப்பது செ.மீ. நீளம், பூச்சு எதுவும் பூசாதது. தண்டுக்கும் சுவருக்கும் நடுவே அடிவரை மெதுவாக இறக்கி, பத்து நிமிடம் விட்டு உருவினால் எந்த ஆழத்தில் ஈரம் என்று நிறத்திலேயே தெரியும். மேல் பாதி வெளிறி, கீழ்ப் பாதி மட்டும் கருத்திருந்தால் மான்ஸ்டெராவுக்கும் ஃபிடில் லீஃபுக்கும் ஊற்றும் நேரம். ரப்பர் செடி என்றால் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். அலோகேசியா என்றால் மேல் மூன்று நான்கு செ.மீ. காய்ந்ததுமே ஊற்றலாம். குச்சி முனையில் வாடை அடித்தால் வேரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

தண்ணீரைப் பற்றி

குழாய் நீரே பெரும்பாலும் போதும். அறை வெப்பத்துக்கு வந்த நீராக இருக்கட்டும். ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் போகும். குளோரினுக்குப் பதிலாகச் சில இடங்களில் கலக்கும் குளோரமைன் போகாது, ஃபுளோரைடும் போகாது. டிரசீனா ஃபுளோரைடுக்கு முகம் சுளிக்கும், இலை நுனி பழுப்பாகக் கருகும். அதற்கு மழை நீர் கொடுத்தால் மகிழும். உப்பு போட்டு இயங்கும் நீர் மென்மையாக்கியில் வரும் தண்ணீரில் சோடியம் இருக்கிறது, அதை எந்தச் செடிக்கும் ஊற்ற வேண்டாம். காலையில் மான்ஸ்டெரா இலை நுனியில் துளி சொட்டினால் பயப்பட வேண்டாம். இரவில் வேர் தள்ளிய நீர் இலை ஓரமாக வெளியேறுகிறது. ஆனால் தினமும் சொட்டினால் குச்சியை எடுங்கள்.

யாருக்கு எது

வீட்டில் இருக்கிறவர், நல்ல வெளிச்சம், செடியைத் தொட்டுப் பார்க்கப் பிடிக்கும்: மேலிருந்து முழு நனைப்பு, குச்சி, உயர்த்தி வைத்த தொட்டி. வேறு யோசனை தேவையில்லை.

அடிக்கடி வெளியூர், செடி ஈர விரும்பி, ஜன்னலருகே இடம்: தேக்கத் தொட்டி. இருண்ட மூலை என்றால் வேண்டாம், எத்தனை வெளியூர் இருந்தாலும் சரி.

ஓட்டையில்லாத அலங்காரத் தொட்டியில் நேரடியாக நட்டிருப்பவருக்கு எந்த முறையும் சொல்ல மனம் வரவில்லை. முதலில் ஓட்டை போடுங்கள், அல்லது ஓட்டையுள்ள தொட்டிக்கு மாற்றி அதை உள்ளே வையுங்கள். அதுவரை எவ்வளவு ஊற்றுவது என்ற கேள்விக்கே பதில் கிடையாது.

பத்துப் பதினைந்து நாள் மட்டும் ஊரில் இருக்க மாட்டீர்கள் என்றால், புதிதாக எதையும் வாங்க வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் குச்சி பார்த்து, தேவை என்றால் நன்றாக நனைத்து, வடிந்ததும் தட்டைக் காலி செய்யுங்கள். செடியை ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். வெளிச்சம் குறைந்தால் குடிப்பதும் குறையும். பெரிய தொட்டியின் பெரிய வசதியே இதுதான், அவ்வளவு மண்ணில் இருக்கும் ஈரம் அத்தனை நாள் தாங்கும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்தால் ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்: இலை தொங்கினாலும் குச்சி ஈரமாக வந்தால் ஊற்ற வேண்டாம்.